வெள்ளைக்காரி சாய்ந்த பக்கம்

கடல் எதையாவது கொண்டுவந்து கரையில் போடுவது செங்கமுனைக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம், செத்த திமிங்கலம், தேக்குக் கட்டை, ஒருமுறை கதவு திறந்தபடி ஒரு பிரிட்ஜ், ஒருமுறை யார் வீட்டுக் கல்யாணத்துக்குக் கட்டியதோ தெரியாமல் காகிதப் பூ உதிராத ஒரு மூங்கில் வளைவு, இப்படி ஏதாவது வந்தபடியே இருந்ததால், அந்தோணியார் கிழமையான ஒரு செவ்வாய் விடியலில் வள்ளங்கள் நங்கூரம் போடும் இடத்துக்குச் சற்று அப்பால் கோயில் கோபுரத்தைவிட உயரமாக ஒரு பனிமலை வந்து நின்றபோது, கரையில் கூடியவர்கள் முதலில் கேட்டது இது எங்கிருந்து வந்தது என்றல்ல, இனி வலையை எந்தப் பக்கமாக விடுவது என்றுதான்.

"நல்ல வேள, பாதைய அடைக்கல," என்றார் ஊர்க் கமிட்டித் தலைவர் கஸ்பார், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு. "ஒதுங்கிப் போய்க்கிடலாம். நிக்கட்டும், பாவம்."

பங்குச்சாமியார் பவுல் சாமி வள்ளத்தில் போய் மலையைச் சுற்றித் தீர்த்தம் தெளித்தார், தெளித்த தீர்த்தம் மணிமணியாக உறைந்து மலையிலேயே ஒட்டிக்கொண்டது, அந்த மணிகளை மறுநாளே பெண்கள் ஆள்விட்டுச் சுரண்டி வாங்கித் தலைவலிக்குத் தேய்த்தார்கள், வலி போனது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வெயில் எரித்தது, மலை உருகவில்லை. உருகியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியவில்லை. அலை அடித்தது, மலை நகரவில்லை. வாரம் திரும்புவதற்குள் அதற்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. வெள்ளைக்காரி என்றார்கள், தோலுக்காகவும், யாரையும் மதிக்காமல் நிற்கிற அந்த நிற்புக்காகவும்.

செங்கமுனை குளிர்காலம் உள்ள ஊராக ஆனது அப்படித்தான். ஆண்கள் கல்யாணத்தன்று ஒரே ஒரு நாள் போட்டுவிட்டுப் பெட்டியில் வைத்திருந்த கோட்டை எடுத்து உதறி, அதைப் போட்டுக்கொண்டு மீன்பிடிக்கப் போனார்கள், விடியலில் வள்ளம் தள்ளுகிற கூட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஊரின் அத்தனை மாப்பிள்ளைகளும் சேர்ந்து ஓடிப்போகிற மாதிரி இருக்கும். கருவாடு காயவில்லை. நாய்கள் தார்ச்சாலையை விட்டு எழவில்லை. பூசையில் இருமல் அதிகமாகிப் பவுல் சாமி பிரசங்கத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னார், புதுசாகக் கல்யாணமானவர்கள் கதவைத் தாமதமாகத் திறந்தார்கள், உள்நாட்டு ஊர்களிலிருந்து வேனில் வந்தவர்கள் கரையில் மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் நின்று மாதாவையும் மலையையும் ஒரே படத்தில் எடுத்துக்கொண்டு, பஜ்ஜி தின்றுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே திரும்பிப் போனார்கள். இவை எல்லாவற்றுக்கும் ஊர் பழகியது. ஊருக்குப் பழகத் தெரியும்.

பழகத் தெரியாதவள் டெல்பின் ஒருத்திதான். அவளுக்குப் பிறந்து நாலைந்து மாதமே ஆன ஒரு பெண்பிள்ளை இருந்தது, ஜெமா என்று ஞானஸ்நானப் பெயர். பிள்ளை பிறந்த நாளிலிருந்து டெல்பினுக்கு எதைப் பார்த்தாலும் அது விழுந்தால் எந்தப் பக்கம் விழும் என்றுதான் முதலில் தோன்றியது. அலமாரி, தண்ணீர்க் குடம், கோயில் மணி, தென்னையில் முற்றிய காய், எல்லாவற்றுக்கும் கீழே மனசுக்குள் பிள்ளையைக் கிடத்திப் பார்த்துப் பயந்து, உடனே தூக்கி வேறு இடத்தில் கிடத்துவாள். கன்னியர் பள்ளியில் படித்தவள். அங்கே பூகோளம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் உருண்டையைச் சுற்றிவிட்டு, அடியில் பெயர் எதுவும் எழுதாமல் வெள்ளையாக இருந்த இடத்தைக் காட்டி, இங்கே ஒன்றும் நடக்காது, பரீட்சைக்கும் வராது என்று சொல்லியிருந்தார்.

அவள் புருஷன் மில்டன் ஊரின் ஐஸ் கம்பெனியில் மிஷின் ஓட்டினான். ஊர் முழுக்க அந்த மிஷினின் தடதடப்பில்தான் தூங்கும், விழிக்கும். வாசலில் இத்தனை பெரிய ஐஸ் சும்மா நிற்கும்போது கம்பெனி ஐஸைப் பாளம் பாளமாகக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? கம்பெனியைப் பூட்டினார்கள். மிஷின் நின்ற அன்றைக்கு ஊரிலிருந்த கைப்பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக அழுதன. அந்தச் சத்தம் இல்லாமல் ஜெமா தூங்க மறுத்ததால், டெல்பின் தொட்டிலை ஆட்டிக்கொண்டே தொண்டைக்குள் தட தட தட என்று முனகிக்கொண்டிருப்பாள், தாலாட்டெல்லாம் அந்தப் பிள்ளையிடம் எடுபடவில்லை.

மில்டன் கோடரியோடு மலைக்குப் போனான், ஊரே போனது. அங்கேதான் பங்கு பிரித்தார்கள்.

செங்கமுனையில் கரைவலை இழுத்த காலம் முதல் ஒரு வழக்கம் உண்டு. வலையின் மடி கரையேறியதும் மீன் குவியலின் நடுவே மணலில் ஒரு கோடு கிழிப்பார்கள். கரைப்பக்கம் கிடப்பது ஊருக்கு, கடல்பக்கம் கிடப்பது மாதாவுக்கு. எவ்வளவு என்று யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை, கடல்பக்கம் நல்ல மீனாகவே கிடந்தாலும் ஒருவனும் கை வைப்பதில்லை. மலையையும் அப்படியே பிரித்தார்கள். கஸ்பார் மேலே ஏறி உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் சிவப்புச் சாயக் கோடு ஒன்று இழுத்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஊர் வெட்டலாம், அந்தப் பக்கம் மாதா பங்கு. தினமும் காலையில் ஊர் முழுக்கக் கோடரிச் சத்தம் கேட்டது, மலையின் கரைப்பக்கம் நாளாக நாளாகப் படிக்கட்டு மாதிரிக் குடைந்து உள்ளே போனது, கடல்பக்கம் வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே ஒரு கீறல் இல்லாமல், மாதாவுக்கு விட்ட எல்லாவற்றையும் போல அழகாக இருந்தது.

ஊர்க்காரர்கள் எல்லோரும் வாசலில் நின்றால் மலையின் முகத்தைப் பார்ப்பார்கள். டெல்பின் வீடு முனை திரும்புகிற இடத்தில் கடைசி வீடாக இருந்ததால் அவள் சன்னலில் மலை பக்கவாட்டில் தெரியும், இடதுபக்கம் வெட்டுப்பட்ட முகம், வலதுபக்கம் மாதா பங்கு. சன்னலுக்கு முன்னால் உத்திரத்திலிருந்து ஜெமாவின் தொட்டில் தொங்கியது, அவளுடைய கல்யாணச் சேலையைக் கயிற்றில் கட்டிய தொட்டில். பிள்ளை தூங்கிய பிறகு ஆட்டம் நின்று கயிறு நேராக நிற்கும்போது, கயிறும் அதற்குப் பின்னால் தெரிகிற மலையின் ஓரமும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருந்தும். அதைப் பார்ப்பது ஆரம்பத்தில் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஒருநாள் மத்தியானம் இரண்டும் பொருந்தவில்லை. கயிற்றுக்கும் மலைக்கும் நடுவில் ஆகாயம் ஒரு ஆப்பு மாதிரித் தெரிந்தது, கீழே கூர்மையாக, மேலே அகலமாக.

"மலை கடல்பக்கமாச் சாயுது," என்றாள், மில்டன் சாப்பிட உட்கார்ந்ததும்.

"தொட்டில் கயிறு முறுக்கிருக்கும்."

"கயிறு நேராத்தான் இருக்கு. பிள்ள வேற அதுலதான தொங்குது, எப்படிக் கோணும்?"

மில்டன் சிரித்தான். ஈரம் சொட்டுகிற கல்யாணக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, "ஏட்டி, ஐஸ எனக்குத் தெரியாதா? கரண்டு போனா உருகும், கரண்டு வந்தா உறையும். அவ்வளவுதான் அதுக்குப் புத்தி. எத்தன வருசம் அதுகூட மல்லுக்கட்டிருக்கேன்," என்றான்.

"இவளுக்குச் சுவிட்சு எங்க இருக்கு?"

அவன் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தான். "தேடணும்," என்றான்.

பக்கத்து வீட்டு ஃபிலோ மைனியிடம் சொன்னபோது, மைனி சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "அவ ஒன் புருசனப் பாத்துத்தான் தலயச் சாய்க்கா. இந்தக் கல்யாணக் கோட்டுல நல்லாத்தான இருக்கான்? நீதான் பிள்ள பெத்ததுக்கு அப்புறம் ஒரு பூ வைக்கல, பொட்டு வைக்கல, எந்நேரமும் பூச்சாண்டியக் கண்ட மாதிரி இருக்க," என்றாள். அன்று முதல் மலை சாய்வது ஊருக்குள் ஒரு வேடிக்கைப் பேச்சானது. எதிர்ப்பட்டவர்கள் எல்லாம், "டெல்பின், இன்னைக்கு யார் மேல சாய்ஞ்சிருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்குள் பட்டணத்திலிருந்து கடலாராய்ச்சிக்காரர் ஒருவர் வந்தார், சிதம்பரநாதன் என்று பெயர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசுகிறவர். மலையைச் சுற்றி ஏதேதோ கருவிகளை இறக்கி எடுத்தார். கோயில் கொடிமரத்தடியில் ஊர்க் கூட்டம் கூடியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், டெல்பின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கத்தின் கடைசியில்.

"நாம மேல பாக்குறது கொஞ்சம்தாங்க," என்றார் சிதம்பரநாதன். "மலையே கீழதான் இருக்கு. கீழ கடலோட சூடு அதை ஒரே மாதிரி தின்னலை, இங்க கொஞ்சம், அங்க கொஞ்சம்னு தின்னுது. மேல நீங்க ஒரு பக்கமா வெட்டுறீங்க. கவிழும்."

"எப்ப?" என்றார் கஸ்பார்.

"அது எப்படி நிக்குதுன்னு எனக்குத் தெரியும் ஐயா. எப்ப நிக்காதுன்னு தெரியாது. இன்னைக்குச் சாயும், நாளைக்கு நிமிரும், சாய்ஞ்ச பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக்கூடச் சாயும். நேத்து என்ன பண்ணுச்சுங்கிறதை வச்சு நாளைக்குச் சொல்ல முடியாத கட்டத்துக்கு வந்தாச்சு. பத்தாயிரம் வெட்டு வெட்டினாலும் ஒண்ணும் ஆகாம இருக்கும், அடுத்த ஒரு வெட்டு போதும். அதுக்கப்புறம் வெட்டினதைத் திருப்பி ஒட்ட வச்சாலும் பழையபடி நிக்காது." கண்ணாடியை மறுபடி துடைத்தார். "இது தனியா வந்ததும் இல்லைங்க. தெற்கே பெரிய ஐஸ் சுவர் ஒண்ணு இருந்துச்சு. அது உடைஞ்சு விட்டுப்போச்சு. இது அதுல ஒரு செங்கல். சுவருக்குப் பின்னால தரைமேல இருக்கிற ஐஸெல்லாம் சரிஞ்சு கடலுக்குள்ள வந்துட்டிருக்கு, கடல் ஏறும்."

கூட்டத்தில் யாரோ, "மழ வரும்னு ரேடியோவுல சொல்லுதவன்கூட நாள் சொல்லுதான் சார்," என்றார்கள், சிரிப்பு எழுந்தது. கேலியாகக்கூட இல்லை, விருந்தாளி சங்கடப்படக் கூடாதே என்று சிரிக்கிற சிரிப்பு.

டெல்பின் கூட்டத்தில் வாய் திறந்ததே இல்லை. கன்னியர் பள்ளியில் கேள்வி கேட்டால்தான் எழுந்து நிற்க வேண்டும், கேட்காதபோது எழுந்து நின்ற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அன்றைக்கு, "கஸ்பார் மாமா," என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. "ஒரு பக்கமா மட்டும் வெட்டுதோம் மாமா. அந்தப் பக்கமும் சமமா வெட்டணும். இல்லன்னா ரெண்டு பக்கமும் விட்டுறணும்."

கஸ்பார் கோபப்படவில்லை. அவளுடைய அப்பாவோடு ஒரே வள்ளத்தில் போனவர் அவர். "மாதா பங்குல கை வைக்கவா சொல்லுத மக்கா? கடல் ஒண்ணுமே தராத வருசம் ஒன் அப்பனும் நானும் பட்டினி கெடந்தோம். கோட்டுக்கு அந்தப் பக்கம் நெய்மீன் துடிச்சிக்கிட்டு கெடந்தது. நாங்க கை வைக்கல. பட்டினியில வைக்காத கைய, வயிறு நெறஞ்சிருக்கும்போது வைக்கவா?"

"அப்போ வெட்டுதத நிறுத்துங்க."

"மீனுக்கு ஐஸ்? இருந்த கம்பெனியையும் பூட்டியாச்சே?"

பவுல் சாமி தொண்டையைச் செருமினார். "மாதா ஐஸுக்காகவா கோவிக்கப்போறா, கஸ்பார்?" என்றார் மெதுவாக.

"ஐஸ் எதுக்குன்னு கேட்டா, மெழுகுதிரி எதுக்கு, சப்பரம் எதுக்குன்னும் கேக்கணும் சாமி," என்றார் கஸ்பார். சிதம்பரநாதன் ஒரு துண்டுச்சீட்டில் தன் போன் நம்பரை எழுதிக் கஸ்பாரிடம் கொடுத்துவிட்டு, வேன் ஏறுவதற்கு முன்னால் டெல்பினைத் தேடி வந்து, எதற்காக என்று சொல்லாமல், "மன்னிச்சிடும்மா," என்றார்.

அவர் போன மறுநாள் மலை நிமிர்ந்துவிட்டது.

டெல்பின் கயிற்றைப் பிடித்து ஆட்டம் நிறுத்திப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். கயிறும் மலையும் பொருந்தியிருந்தன. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். அவள் பயம் மெல்ல மெல்ல அவளுக்கே அசட்டுத்தனமாகத் தெரிய ஆரம்பித்தது, ஒரு மாலையில் தலையில் பூ வைத்துக்கொண்டாள், ஃபிலோ மைனி தெருவுக்கே கேட்கிற மாதிரி அதைப் பாராட்டினாள். மலை நின்றது, கோடரிகள் வெட்டின, ஜெமா குப்புற விழுந்து தவழ ஆரம்பித்தது. இப்படி ஒரு காலம் போனது. அந்தக் காலத்தைத்தான் பிறகு டெல்பின் அடிக்கடி நினைத்துக்கொண்டாள், சாய்ந்த நாட்களைவிட, ஒன்றுமே நடக்காத அந்த நாட்களைத்தான்.

பிறகு ஒரு காலையில் மலை கரைப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஆப்பு வலதுபக்கம் விழுந்திருந்தது. டெல்பின் பிள்ளையை அள்ளிக்கொண்டு மீன் ஏலம் நடக்கிற இடத்துக்கு ஓடிப்போய், கையில் மீனோடு நின்றவர்களை எல்லாம் கூப்பிட்டாள், கஸ்பாரும் மைனியும் இன்னும் நாலு பேரும் பெரியமனசு பண்ணி வந்தார்கள், வந்து தொட்டில் பக்கத்தில் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்த்தார்கள். அதற்குள் மலை நேராகியிருந்தது. டெல்பின் எல்லோருக்கும் தேயிலைத் தண்ணீர் போட்டுக்கொடுத்தாள், குடித்தார்கள், போகும்போது கஸ்பார் அவள் தலையில் கை வைத்துச் சிலுவை வரைந்துவிட்டுப் போனார், நோயாளிக்கு வரைகிற மாதிரி.

அன்றைக்கு மாலை அவள் மில்டனோடு சண்டை போட்டாள். சண்டை என்றால், அவள் பேசினாள், அவன் கோடரியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க நாளைக்குப் போவாண்டாம்."

"எல்லாரும் போறாவ."

"எல்லாரும் எனக்குப் புருசனா?"

"ஊரு சிரிக்கும் ஏட்டி."

"சிரிக்கட்டும். நீங்க உசுரோட இருந்து கேளுங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அழவில்லை, தொட்டில் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினாள். அவன் எழுந்து வந்து தூங்குகிற பிள்ளையின் தலையில் கை வைத்து, இனி மலைமேல் கோடரி வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தான். மறுநாள் முதல் ஏலக்கூடத்தில் கூடை தூக்கப் போனான். "வெள்ளைக்காரிய விவாகரத்து பண்ணிட்டியாலே?" என்று கேட்டார்கள். "பொண்டாட்டி ஒத்துக்கல," என்று சொல்லித் தானும் சிரித்தான். டெல்பினுக்கு அன்றிலிருந்து தூக்கம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை செங்கமுனையில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை, வலையும் தொடுவதில்லை, கோடரியும் தொடுவதில்லை. அந்த ஞாயிறு மாலை கோயிலில் ஆசீர்வாதம், ஊர் முழுக்க மேட்டிலிருக்கிற கோயிலுக்குப் போயிருந்தது. ஜெமாவுக்குக் காலையிலிருந்தே உடம்பு சுட்டது, மத்தியானத்துக்குள் கண் மேலே செருகப் பார்த்தது. ஊரிலிருந்த நர்ஸம்மா ஞாயிறு என்று தன் ஊருக்குப் போயிருந்தார், மருந்துக்கடை வளைகுடாவுக்கு அக்கரையில் இருந்தது, போய்வர ராத்திரி ஆகிவிடும். ஈரத் துணியை நெற்றியில் போட்டார்கள், துணி போட்ட கொஞ்ச நேரத்தில் காய்ந்தது. மறுபடி நனைத்துப் போட்டாள் டெல்பின். பானைத் தண்ணீரும் வெதுவெதுப்பாக இருந்தது, பிள்ளையின் உடம்பு கையில் ஒட்டியது, அழுவதற்குக்கூட அதற்குத் தெம்பு இல்லாமல் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"ஒரு கை ஐஸ் இருந்தா," என்றாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சுவரிடம் சொன்னாள், துணியிடம் சொன்னாள். சனிக்கிழமை வெட்டிய ஐஸ் எல்லாம் மீனோடு லாரி ஏறிப் போயிருந்தது, கம்பெனி பூட்டிக் கிடந்தது, உலகத்திலேயே பெரிய ஐஸ் சன்னலில் நின்றது.

மில்டன் தூக்குச்சட்டியை எடுத்தான். அவள் கல்யாணத்துக்குச் சீராக வந்த சட்டி, வயிற்றில் டெல்பின் என்று பெயர் வெட்டியது. "கோடரி எடுக்கல," என்றான், உள்ளங்கையை விரித்துக் காட்டி. "தேங்கா உடைக்கிற கத்திதான். ஓரத்துல சுரண்டிட்டு வந்துருதேன்."

அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பிள்ளையைப் பார்த்தாள். பிறகு சன்னலைப் பார்த்தாள். தொட்டில் வெறுமையாக, அசையாமல் தொங்கியது, கயிறும் மலையும் அதற்கு முன் எந்த நாளும் இல்லாத அளவுக்கு ஒரே கோடாகப் பொருந்தி நின்றன, நடுவில் ஊசி நுழைக்க ஆகாயம் இல்லை. கடல் விரித்த பாய் மாதிரிக் கிடந்தது.

"சட்டுனு வந்துருங்க," என்றாள்.

அவன் கோட்டை மாட்டிக்கொண்டு போனான்.

மலை கவிழ்ந்தபோது சத்தம் இல்லை, சத்தம் பிறகுதான் வந்தது. தூக்கத்தில் ஒருவர் மறுபக்கம் புரண்டு படுப்பதுபோல, அவசரம் இல்லாமல், கடல்பக்கமாக, மாதா பங்கின் பக்கமாக அது சாய்ந்தது, கயிற்றுக்கும் மலைக்கும் நடுவில் ஆகாயம் திறந்தது, திறந்தது, திறந்துகொண்டே போனது. வெட்டுப்பட்ட படிக்கட்டு முகம் மேலே எழுந்து, வானத்தைப் பார்த்து, மறுபக்கம் போய் முழுகியது, அது போன இடத்தில் இத்தனை நாளும் கீழே இருந்தது மேலே வந்தது, கருநீலமாக, வழுவழுப்பாக, இதுவரை யாரும் பார்க்காத ஒரு முகம். டெல்பின் புருஷனைத் தேடிப் பார்க்கவில்லை. பார்க்க நேரம் இருந்தது, பார்க்கவில்லை, பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கோயில் மேட்டை நோக்கி ஓடினாள், முதுகுக்குப் பின்னால் கடல் எழுந்து வருகிற காற்று அவள் சேலையை முன்னால் தள்ளியது, கோயில் வாசலில் அவள் விழுந்தபோது உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது, பாட்டின் நடுவில் தண்ணீர் வந்து படியைத் தட்டியது.

ஊர் கோயிலில் இருந்ததால் ஊர் தப்பியது. வீட்டில் படுத்துக்கிடந்த சிலர் போனார்கள், வள்ளங்கள் அத்தனையும் போயின, கரையோரத் தெரு போனது, முனையில் கடைசி வீடாக இருந்த வீடு அது இருந்த முனையோடு சேர்ந்து போனது. மில்டன் வரவில்லை. காய்ச்சல் பிள்ளைக்கு மருந்து வாங்க வள்ளத்தை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போயிருப்பான், வழியில் அகப்பட்டுக்கொண்டான் என்று ஊர் பேசிக்கொண்டது. டெல்பின் அதை மறுக்கவில்லை.

அன்று அந்தி மயங்கும்போது, படியில் ஒதுங்கிய பலகைகளுக்கும் கூடைகளுக்கும் நடுவில் அந்தத் தூக்குச்சட்டி கிடந்தது. மூடி இறுகியிருந்தது. அவள் பெயர் மேலே தெரிந்தது. திறந்தாள். உள்ளே ஒரு கை ஐஸ், அதற்கு மேலும் இல்லை கீழும் இல்லை, சுரண்டி எடுத்த பூப்போல. அவன் போய்ச் சேர்ந்திருக்கிறான், வெட்டியிருக்கிறான், மூடியை இறுக்கி மூடியும் இருக்கிறான். அவளுக்கு அதை மூடி வைத்துக்கொள்ள வேண்டும் போல, எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நாள் வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் அது எதற்காக வந்ததோ அதற்காக வந்தது. முந்தானையில் முடிந்து ஜெமாவின் நெற்றியில் வைத்தாள். ஐஸுக்குள்ளிருந்த பழைய காற்று சின்னச் சின்னதாகப் பொட்டுப் பொட்டென்று வெடித்து வெளியே வந்தது, யாரோ மூச்சுவிட்டு மூச்சுவிட்டு ஏதோ சொல்ல ஆரம்பிப்பது போல. பிறகு அது எல்லா ஐஸையும் போல உருகி, பிள்ளையின் காதுக்குப் பின்னால் வழிந்து போனது. விடியும்போது காய்ச்சல் விட்டிருந்தது.

கடல் திரும்பிப் போகவில்லை. அலை வடியும் என்று காத்திருந்தார்கள், அலை வடிந்தது, கடல் வடியவில்லை. கோயிலின் மூன்றாம் படியில் வந்து நின்றது, பிறகு அதுதான் கரை என்றானது. மலை அந்தக் கருநீல முகத்தோடு ஒருநாள் புறப்பட்டு வடக்கே போனது. யாரும் கையசைக்கவில்லை. கஸ்பார் சட்டைப் பைக்குள் ஊறிப்போன துண்டுச்சீட்டைக் காயவைத்துச் சிதம்பரநாதனைக் கூப்பிட்டு, "சார், இந்தக் கடல எப்படித் திருப்பி அனுப்பணும்?" என்று கேட்டார்.

அதற்கும் ஊர் பழகியது. உள்நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் தங்கவைத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து, கோயில் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு பூசை பார்த்தார்கள், பிள்ளைகள் பிரசங்க நேரத்தில் மீன்குஞ்சு பிடித்தன. ஆனால் ஆண்கள் தூங்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் பவுல் சாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார்கள், எல்லோரும் ஒரே பாவத்தைத்தான் சொன்னார்கள் என்று அவர்களே பிறகு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில் தெரிந்தது: சனிக்கிழமை சாயங்காலம் கடைசியாக இறங்கியது நான்தான் சாமி, போகிற போக்கில் இன்னும் ஒரு வெட்டு வெட்டினேன், அதுதான் அந்த வெட்டு. அத்தனை பேருக்கும் அந்தக் கடைசி வெட்டு தங்களுடையதாக இருந்தது. அந்த வெட்டுக்காக அவர்களுக்குள் சண்டைகூட வந்தது.

கஸ்பார் டெல்பினிடமே வந்தார். பள்ளிக்கூட வராந்தாவில், கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "சனிக்கிழம செவப்புக் கோட்டுக்குப் பக்கத்துல ஒரு பாளம் பேத்தேன் மக்கா. ஒன் புருசன நான்தான் கொன்னேன்," என்றார்.

டெல்பின் அவரைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் தூங்குவார், ஊரே தூங்கும், அத்தனை பேர் தோளிலிருந்தும் இறங்கி அந்த வெட்டு ஒரே ஆளின் கைக்குப் போய்ச் சேரும், தேங்காய் உடைக்கிற கத்தி பிடித்த கைக்கு. ஊர் அவன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அதையும் சேர்த்துச் சொல்லும், ஜெமா அதைக் கேட்டு வளரும். அந்த ஒரு கை ஐஸைச் சுரண்டாமல் இருந்தால் மலை நின்றிருக்குமா, திங்கட்கிழமை காலை எல்லோரும் ஏறிய பிறகு கவிழ்ந்திருக்குமா, அதை யாரால் சொல்ல முடியும். காய்ச்சல் பிள்ளைக்கு ஒரு கை ஐஸ் வேண்டும் என்று நினைத்தது எந்தக் கட்டளையில் பாவம் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்திருந்தாள், பத்திலும் இல்லை.

"தேயிலத் தண்ணி குடிக்கிறியளா மாமா?" என்றாள்.

வகுப்பறை உத்திரத்தில் புதுத் தொட்டில் தொங்கியது, யாரோ கொடுத்த சேலை. கயிறு நிற்கும்போது அதன் பின்னால் தெரிகிற கரும்பலகையின் ஓரத்தை, கதவை, முற்றத்துக் கொடிக்கம்பத்தை டெல்பின் பொருத்திப் பார்ப்பாள், பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒருநாள் மத்தியானம், எல்லோரும் சாப்பாட்டுக்கு வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, தவழ்ந்து வந்த ஜெமா அந்தத் தொட்டிலைப் பிடித்து எழுந்து, ஆடி, நிதானித்து, பிறகு பிடியை விட்டுவிட்டுத் தானாக நின்றது. ஃபிலோ மைனி முதலில் பார்த்தாள். "ஏட்டி, நிக்கா, நிக்கா," என்றாள், வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது, அந்த ஊர் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது, சிரித்தார்கள், கை தட்டினார்கள், கஸ்பார்கூட ஈரக் கண்ணோடு கை தட்டினார்.

டெல்பின் தட்டவில்லை. பிள்ளை எப்படி நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது, பிஞ்சு விரல் தரையைக் கவ்வுவது, முழங்கால் நடுங்குவது, வயிற்றைத் தள்ளிச் சமன்செய்வது, எல்லாம் தெரிந்தது. சத்தம் போடாமல் நகர்ந்து வந்து, அதன் முன்னால் முட்டிபோட்டு, அதைத் தொடாமல், அதன் இடதுபக்கம் ஒரு கையும் வலதுபக்கம் ஒரு கையுமாக விரித்து வைத்துக்கொண்டு, தொண்டைக்குள் தட தட தட என்று முனகியபடி, அப்படியே காத்திருந்தாள்.